பெரியவர் குடித்த சைனாத் தண்ணி

ஆட்டையாம்பட்டி,
வியாழக்கிழமை

போர் போடும் ரிக் வண்டிக்குச் சாமான் வாங்கச் சைனாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட என் அன்புத் தம்பி ஜெகதீஸ்வரனுக்கு அக்கா வசந்தாமணி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் இரண்டு எருமைகளும் சுகம். அங்கே நீ என்னத்தைத் தின்கிறாய் என்று கேட்கப் பயமாக இருப்பதால் கேட்கவில்லை. போன் போட்டால் "மீட்டிங் இருக்குதுக்கா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதுதான். லீவில் வந்திருக்கும் உன் கூட்டாளி குமரகுரு சனிக்கிழமை அங்கே திரும்புகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ அனுப்பிய பச்சைத் தேயிலை டப்பா வந்தது. முதல் நாள் வழக்கம்போல எருமைப்பால், இஞ்சி, சர்க்கரை எல்லாம் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். உன் மச்சான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "ஏம்புள்ளே, எருமைக்கு வெச்ச கழுநீர எனக்கு மாத்திக் குடுத்துட்டியா?" என்றார். அப்புறம்தான் டப்பாவுக்குள் நீ வைத்த சீட்டைப் பார்த்தேன். கொதித்த தண்ணீரை இறக்கி ஆறவிட வேண்டுமாம், பால் ஆகாதாம், சர்க்கரை ஆகாதாம், இலையைப் போட்டு இரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டக்கூட நான் இத்தனை சூடு பார்த்ததில்லை சாமி. கண்ணாடித் தம்ளரில் இலை நெட்டுக்குத்தலாக நின்றது. பச்சைச் சோளத்தட்டு வாசம், பின்னாலேயே வறுத்த கடலைத்தோல் வாசம். நாக்கில் முதலில் ஒன்றுமே இல்லை, பிறகு லேசாகக் கசப்பு, தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது தொண்டையில் கொஞ்சம் தித்திப்பு. நம்ம ஊர் டவுன் பஸ்கூட இந்தத் தித்திப்புக்கு முந்தி வந்துவிடும்.

போன வாரம் உன் மச்சானுடைய அண்ணன் கருப்பண்ணன் வந்தார். வரப்பு வேம்பை வெட்டிய தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை, உனக்குத் தெரியும். "இனி உன்ற ஊட்டுல ஒரு சொட்டு டீயோ காப்பியோ குடிச்சா நான் கருப்பண்ணனே இல்லீடா" என்று ஊர் கேட்கச் சொன்னவர், மகள் மோகனப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையோடு நிற்கிறார். உன் மச்சான் அடுப்படிக்கு வந்து, "வாய் நனைக்காமப் போனாருன்னா நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன், பாத்துக்க" என்றார். சித்தப்பா இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படி மணையில் உட்காரும்? உன் இலையைப் போட்டு எடுத்துப்போய் நீட்டினேன்.

"டீ வேண்டாம் அம்மிணி. நாந்தான் அன்னைக்கே சொல்லிப்போட்டனே."

"இது டீ இல்லீங்க மாமா. பாலில்லீங்க, சக்கரையில்லீங்க, நெறமும் இல்லீங்க. இதப் போயி யாராச்சும் டீன்னு சொல்லுவாங்களா?"

தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். குடித்தார். முகம் கோணிப்போனது. "நெசந்தான், இது டீயே இல்லே" என்றார், ரொம்ப நிம்மதியாக.

கைமுறுக்கு வைத்தேன். அந்தக் காரத்தில் உன் தண்ணி இருந்த இடமே தெரியவில்லை. அவித்த நிலக்கடலை வைத்தேன், அதுதான் அதற்குப் பொருத்தம். அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றினால் இன்னும் ருசி என்று உன் சீட்டு சொல்கிறது. வந்தவருக்குப் பழைய தூளில் டீ போட்டவள் என்று பேர் வாங்கவா என்று தயங்கினேன். பெரியவரே, "டீயா இருந்தாத்தானே கேவலம்? ஊத்து அம்மிணி" என்றார்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் வருகிறார். மூன்று வருஷம் ஒருவரையொருவர் திட்டிய அண்ணனும் தம்பியும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உன் தேயிலையைத் திட்டுகிறார்கள். காது குளிர்கிறது சாமி. ஆனால் டப்பாவில் அடி தெரிகிறது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த வீட்டுச் சமாதானம் உன் கையில்தான். இரண்டு டப்பா உடனே கூரியரில் போடு.

நீயும் உன் வீட்டுக்காரி மைதிலியும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கண்ட தண்ணியையும் குடிக்காமல் நன்றாக இருக்கக் குலசாமி துணை.

உன் அக்கா
வசந்தாமணி

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. கவரை ஒட்டுவதற்குள் டப்பா காலி. பெரியவரோ வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எருமைப்பாலில் இஞ்சி தட்டி, சர்க்கரை போட்டு, நம்ம டீயையே நீட்டினேன். உன் மச்சான் விட்டத்தைப் பார்த்தார். பெரியவர் ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடினார். "இன்னைக்குத்தான் அம்மிணி, அந்தச் சைனாத் தண்ணி போட உனக்குக் கைப்பக்குவம் வந்திருக்குது" என்று சொல்லி இன்னொரு தம்ளர் கேட்டார். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.