பதினோரு வருடமாகப் புது மருமகள்

ஷிம்கெந்த் நகரத்தில் நான் சாப்பிடாத கல்யாண விருந்து ஒன்றுகூடக் கிடையாது. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். அழைப்பு வராத வீடுகளில் பாதிக்கு நான் போகவில்லை. இத்தனை பந்திகளில் உட்கார்ந்து குதிரைக்கறி தின்றவள் என்ற தகுதியில் சொல்கிறேன், கேளுங்கள். மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தொலைக்காட்சித் தொடரில் மருமகளாக நுழைந்து, அதற்குப் பிறகு அந்த முக்காட்டைக் கழற்றவே மாட்டேன் என்று நிற்கிற இனம். பகலில் நடிக்கும், மாலையில் கல்யாணங்களில் பாடும். நடுவில் வயது ஏறாதா என்கிறீர்களா? அதெல்லாம் உங்களுக்கும் எனக்கும்தான் ஏறும்.

அடையாளம் காண்பது சுலபம். மண்டபத்துக்குள் முதலில் வாசனை வரும், பிறகு பெட்டி தூக்கும் தோழி வருவாள், பிறகு 'ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்களாம்' என்ற அறிவிப்பு வரும், கடைசியாகத்தான் ஆள் வரும். வந்தபின் கேக் வெட்டும் வரை நகராது. படம் எடுக்க நெருங்குகிறவர்களிடம் "இடது பக்கமா எடுங்க கண்ணு, வலது பக்கம் இன்னிக்குத் தூங்கல" என்று கொஞ்சும். பிறகு தன் முதல் பாட்டைப் பாடும். இரண்டாவது பாட்டு என்று ஒன்று இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

பாடும் என்றா சொன்னேன்? எங்கள் ஊர்ப் பாட்டுத் தொழிலில் 'மைனஸ்' என்றால் வெறும் இசை, பாடகி தன் தொண்டையைத் திறந்தாக வேண்டும். 'பிளஸ்' என்றால் குரலும் சேர்ந்தே பதிவானது, வாயை அசைத்தால் போதும். இந்த இனம் பிளஸிலேயே பிறந்து பிளஸிலேயே வளர்வது.

இனத்துக்கே திலகம் அக்மாரல். 'வாசலில் ஒரு மருமகள்' தொடரில் பதினோரு வருடமாகப் புது மருமகள். எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள், எல்லோரிடமும் திட்டு வாங்கினாள், கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டே அடுப்பில் கறியைக் கருகவிட்ட வீடுகளுக்குக் கணக்கில்லை. கதைக்குள் காலம் தாவித் தாவி ஓடியதில் அவளுக்குப் பிறந்த மகன் பள்ளி முடித்து, மீசை வளர்த்து, ராணுவத்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். அம்மா மட்டும் போன வெள்ளிக்கிழமை கல்யாணமானவளைப்போலத் தலைகுனிந்து நின்றாள்.

இந்த வசந்தத்தில் ஒரு விபரீதம். தொடரில் மாமியாராக நடித்தவள் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். தயாரிப்பாளர் செர்ஜான் அக்மாரலைக் கூப்பிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த மாமியார் வேஷத்துக்கு ஒரு ஆள் வேணும் அக்மாரல்."

"தேடுங்க அண்ணா. நல்ல வயசான பொம்பளையா பாருங்க."

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அவர். சொன்னபோது அவர் கண் அவளைவிட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. முக்காடு போனால் என்ன மிஞ்சும்? 'நம்ம மருமகப் பொண்ணு வந்திருக்கா' என்று மேடைக்குக் கூப்பிடுவார்களே, அது போய்விடும். தெருவில் கிழவிகள் கட்டிப்பிடித்து 'உன்னை அந்தப் பாவி இப்படிப் படுத்துறாளே' என்பார்களே, அது போய்விடும். மாமியாரை யார் கட்டிப்பிடிக்கிறார்கள்? ஆகவே செர்ஜானின் மகனுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டதும், அவரைக் குளிரவைக்க அவளே ஓடினாள். "முகம் திறக்கும் பாட்டை நான் பாடறேன் அண்ணா. நம்ம வீட்டுக் கல்யாணம், காசெல்லாம் பேசாதீங்க." இந்த இனம் காசு வேண்டாம் என்றால் உயிரே போகிறது என்று அர்த்தம்.

முகம் திறக்கும் பாட்டு சாதாரணப் பாட்டு இல்லை. மணப்பெண் முகத்தை மூடி நிற்பாள், இரண்டு பெண்கள் இருபுறமும் பிடித்துக்கொள்வார்கள். பாடுகிறவர் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை முறை சொல்லி, பெயர் சொல்லி, ஒவ்வொருவராகப் பாட்டில் அழைக்க, அவள் குனிந்து வணங்க, வணங்கப்பட்டவர் எழுந்து வந்து தட்டில் பணம் போடுவார். கடைசியில், கையில் இருக்கும் தோம்ரா என்ற தந்தி வாத்தியத்தின் நுனியால் முக்காட்டைத் தூக்க வேண்டும். குடும்பத்துக்குக் குடும்பம் பெயர் மாறுமே, பிளஸ் எப்படிச் செல்லும்? அக்மாரலுக்கா வழி தெரியாது? ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே பெயர்களைப் பாடிப் பதிவுசெய்து வைத்துவிடுவாள்.

ஒலிப்பெட்டியை இயக்கும் போலாத் அன்று தவறிப் போட்டது, போன மாதம் தராஸ் ஊரில் நடந்த வேறொரு கல்யாணத்துப் பதிவு.

அக்மாரல் தோம்ராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் இரண்டு தந்திகளில் ஒன்றுகூட அவளுக்குப் பழக்கமில்லை. வாயை அழகாகத் திறந்தாள். "பெரியப்பா ஓரல்பாய்க்கு ஒரு வணக்கம்" என்று தேனாக ஒழுகியது குரல். மணப்பெண் குனிந்தாள். யாரும் எழவில்லை.

எங்கள் ஊரில் ஏழு தலைமுறை முன்னோர் பெயரை மூச்சுவிடாமல் சொல்லத் தெரியாதவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், நிறைந்த சபையில், 'இந்த உறவுக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது' என்று எவன் வாயைத் திறப்பான்?

"யாருய்யா ஓரல்பாய்?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதைக் கடித்தார்.

"என்ன இப்படிக் கேக்குறீங்க, நம்ம ஓரல்பாய். பாவம், முட்டி வலி. அதான் வரல."

"ஆமாமா. நல்ல மனுஷன்."

இப்படியே தராஸ்காரர்கள் நாலைந்து பேருக்கு மணப்பெண் குனிந்து நிமிர்ந்தாள். சபையும் வராதவர்களின் உடல்நலத்தை அக்கறையோடு விசாரித்துக்கொண்டது. அக்மாரலுக்கு முதல் பெயரிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நிறுத்தினால் குட்டு வெளிப்படும், நிறுத்தாவிட்டால் அடுத்து என்ன வருமென்று அவளுக்குத்தான் தெரியும்.

வந்தது. "மாப்பிள்ளையின் அருமைப் பாட்டி சாலிகாவுக்கு ஒரு வணக்கம்."

மாப்பிள்ளையின் பாட்டி, செர்ஜானின் தாய், கதிஷா அம்மாள் முதல் வரிசையில், கிழவிகள் கட்டும் வெள்ளைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்தார்.

"சாலிகாவா? யாருடி அவ? எங்க வீட்டுக்காரரு செத்து இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு சக்களத்தியா?"

போலாத் பதறிப்போய்ப் பெட்டியை அணைத்தான். தேன் நின்றது. அக்மாரலின் வாய் மட்டும் மீனுடையதைப்போல இன்னும் இரண்டு முறை திறந்து மூடியது. ஏதோ குழப்பம் என்று நினைத்த மணப்பெண், என்னவென்று பார்க்கத் தன் முக்காட்டைத் தானே தூக்கப் போனாள். பாட்டு முடியாமல் முகம் திறந்தால் கல்யாணமும் கெட்டது, பழியும் தன் தலையில். அக்மாரல் யோசிக்கவில்லை.

"முக்காட்டை விடு. குனி."

அவளுடைய சொந்தக் குரல் அது. மண்டபத்தில் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. கனத்த, கரகரத்த, பானையின் அடியிலிருந்து வந்ததுபோன்ற குரல். பந்தியில் கிண்ணங்களின் சத்தம் அடங்கியது. முக்காட்டுக்குள் இருந்த பெண், இந்த வீட்டுப் பெரியவள் இவள்தான் என்று தீர்மானித்து, அன்று யாருக்கும் குனியாத அளவு அக்மாரலுக்குக் குனிந்தாள்.

கதிஷா அம்மாள் அதைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவளைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த அதட்டலுக்கு நானே குனிஞ்சிருப்பேன்."

செர்ஜான் எழுந்து வந்து ஒரு கட்டுப் பணத்தைத் தட்டில் வைத்தார். "மாமியாரை நாடு பூரா தேடினேன் அக்மாரல். இங்கயே இருந்திருக்கா."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கைபேசியில் உங்கள் முகம் என்று வைத்திருக்கிறீர்களே, அந்தப் படம் எந்த வருடத்தது? 'அக்கா' என்று கூப்பிடாமல் 'அம்மா' என்று கூப்பிட்டதற்காகக் கடையை மாற்றினவர் யாரும் இதைப் படிக்கவில்லையா? மருமகன் வந்த பிறகும் வீட்டின் செல்லக் குழந்தை நீங்கள்தானே? எதற்கும் தொண்டையை ஒருமுறை கனைத்துப் பாருங்கள், வருவது யார் குரல் என்று.

அன்று அக்மாரல் கறியைத் தொடாமல், கண்ணீரோடு வெளியேறினாள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பொரித்த ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்த என் ஓரகத்தி ராபிகா எட்டிப் பார்த்தாள்.

"தப்பா எழுதாதீங்க அக்கா. எந்தக் கண்ணீரு? நான் காத்து வாங்க வெளியே போனப்போ காருக்குள்ள உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து ஒத்தைப் புருவத்தைத் தூக்கிப் பழகிக்கிட்டிருந்தா. என்னைக் கண்டதும் 'என்ன பார்க்குற, தேநீர் ஆறுது பாரு'ன்னா."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்றது? ஓடிப்போய் ஊத்திக் கொண்டாந்தேன்."