இரண்டு டிஸ்கிலும் தவழ்ந்த பேத்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் எங்கள் பெண்ணும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தை சுகம். நான் சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள். போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் அவளுக்குக் கேட்கும் என்பதால் இந்த மெயில்.

பேத்தி வீடியோவை டிவியில் பார்க்க நீங்கள் இங்கே வைத்துவிட்டுப் போன குட்டி சர்வருக்கு, வீடியோக்களைச் சேர்த்து வைக்க வெளி டிஸ்க் வாங்கச் சொன்னீர்கள். அதுவும் ஒரே அளவில் இரண்டு. எதற்கு என்று கேட்காமலே கடைக்குப் போனேன். கடைக்காரர் வேறு, "சார், சர்வர் குட்டியூண்டு. ரெண்டு டிஸ்குக்கும் அதால கரண்ட் குடுக்க முடியாது. தனியா கரண்ட் எடுக்குற பெட்டி வாங்கி அதுல மாட்டுங்க" என்றார். வாங்கினேன். கூட வந்த கேபிள் குட்டை என்று, இழுப்பறையில் கிடந்த பழைய நீளக் கேபிளைச் செருகினேன். நீங்களும் அங்கிருந்தே வீடியோக்களை ஏற்றினீர்கள். அவ்வளவுதான், பழைய கேபிளுக்கு வேகம் போதாமல் டிவியில் பேத்தி முதல் அடி வைக்கத் தூக்கிய கால் தூக்கியபடியே நிற்கிறது! "ஐயோ, புள்ளைக்குக் கால் வலிக்குமேங்க!" என்று உங்கள் அத்தை பதற, குட்டைக் கேபிளையே சர்வரின் வேகமான நீல ஓட்டையில் செருகிய பிறகுதான் குழந்தை காலைக் கீழே வைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, இன்று காலை உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! முதல் டிஸ்கில் இருக்கும் அத்தனை வீடியோவும் இரண்டாவதிலும் இருக்கிறது. அதே பேத்தி, அதே தவழல், அதே தும்மல். ஒரே பிள்ளைக்கு எதற்கு இரண்டு தொட்டில்? இரண்டாவதில் இருந்ததையெல்லாம் சுத்தமாக அழித்தேன். பெருமையோடு முதல் டிஸ்கைத் திறந்தால், மாப்பிள்ளை, அதுவும் காலி! அதை நான் தொடக்கூட இல்லை! கடைக்கு ஓடினேன். "ஒண்ணு செய்றத இன்னொண்ணும் செய்யும் சார். ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு உங்க மாப்ள அப்படி வச்சிருக்காரு" என்று நிதானமாகச் சொல்கிறார். இந்த ஒற்றுமை அண்ணன் தம்பியிடம்கூடக் கிடையாதே!

உங்கள் போன் தண்ணீரில் விழுந்த பிறகு அந்த முதல் அடி இங்கே மட்டும்தான் இருந்தது. சாயங்காலம் உங்கள் அத்தை டிவி முன்னால் உட்காருவாள். அதற்குள் அங்கிருந்தே எதையாவது தட்டிக் குழந்தையை மீட்டுக் கொடுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கச் சொன்னது உங்கள் தப்புதான் என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பெண்ணுக்கும் பேத்திக்கும் ஆசி, உங்களுக்குப் பாதி ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: அனுப்புவதற்குள் உங்கள் அத்தை பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். கத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிக்கிறாள்! "அழிச்சதெல்லாம் சர்வர்ல குப்பைக்கூடைலதாங்க இருக்கும். மாப்ள எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காரு. குளிச்சிட்டு வந்து எடுத்துத் தர்றேன்" என்று போயிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், மீதி ஆசியும் உங்களுக்கே. அவளுக்கு ஏன் சிரமம் என்று நானே அந்தக் கூடையைத் திறந்தேன். எல்லாம் இருக்கிறது! கூடையைக் கவிழ்த்தால்தானே உள்ளே இருப்பது வெளியே வரும்? "காலி செய்" என்று இருந்ததை அழுத்தினேன். இன்னும் எதுவும் வெளியே வரவில்லை. இரண்டு டிஸ்கிலும் தேடிக்கொண்டிருக்கிறேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை.