மடுவுக்குப் போன தொட்டில்

"றோஸ், நீ எத்தனை றாத்தல் பாரம் இருப்பே?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் கூடி நிற்கும்போது கபிரியேல் உபதேசியார் இப்படிக் கேட்டார். றோஸ் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். நாற்பது வயதுவரை அவளிடம் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது.

"எதுக்குக் கேக்கிறீங்க உபதேசியார்?"

"மடு மாதா கோயிலுக்கு நடந்து வர்றேன்னு பேர் குடுத்திருக்கியே. கண்டியிலேருந்து மடு எவ்வளவு தூரம்னு தெரியுமா? பாதிக்கு மேல காடு. நான் பதினோரு தரம் போயிட்டு வந்தவன், சொல்றேன். உன் உடம்புக்கு இது ஆகாது. பேசாம ரயில்ல போ."

ரயிலில் போக முடியாது. போன வருஷம் அவள் கணவன் சுவக்கின் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரே கையை விரித்துவிட்டார். அன்றைக்கு மாதா படத்தின் முன் முழங்காலில் நின்று றோஸ் நேர்ந்துகொண்டாள்: "இவரை எழுப்பி விடு தாயே. கண்டியிலேருந்து உன் கோயிலுக்கு நடந்தே வர்றேன். ஓர் அடிகூட என்னை வண்டியும் சுமக்காது, மனுசரும் சுமக்க மாட்டாங்க." சுவக்கின் எழுந்து மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மாதா தன் பங்கை முடித்துவிட்டாள். இனி றோஸின் பங்குதான் பாக்கி.

"நடந்துதான் வருவேன்," என்றாள் றோஸ். "ராத்திரியில தரையில படுக்கத்தான் பயம். பாம்பு, தேள், எறும்பு. அதனால கூடவே ஒரு தொட்டில் கொண்டு வர்றேன். பங்களாவுல ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டித் தொரை படுத்திருப்பாரே, அது மாதிரி."

உபதேசியார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. வருஷா வருஷம் நடைக்காரர்களின் அரிசி மூட்டையைச் சுமந்து போகும் அழகர் பின்னால் நின்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்னையே தாங்குற தொட்டிலா?" என்றார் உபதேசியார்.

"ஆமா."

"அப்ப வா. தாராளமா வா. ஆனா பலமா இருக்கணும், சொல்லிப்புட்டேன்."

தன் பாரத்தைக் கேட்டு ஒரு மனுசர் முகம் மலர்ந்தது அதுவே முதல் தடவை என்று நினைத்தபடி றோஸ் வீட்டுக்கு வந்தாள்.

முதலில் பழைய நூல் சேலை ஒன்றை எடுத்தாள். சுவக்கின் அதை வீட்டு உத்தரத்தில் கட்டினார். மெலிந்த மனிதர். நூலுக்கு முடிச்சுப் போட்டே பழகியவர்.

"கொஞ்சம் கொஞ்சமா உக்காரு," என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமா எப்படிங்க உக்கார்றது?"

றோஸ் உட்கார்ந்தாள். முடிச்சு நின்றது. சேலை நீளவாட்டில் இரண்டாகப் பிரிந்தது. மஹய்யாவயில் அந்த வரிசை வீடுகளெல்லாம் ஒரு தரம் அதிர்ந்தன. பக்கத்து வீட்டுத் திரேசா ஈரக் கையோடு ஓடிவந்தாள். உத்தரத்தில் தொங்கிய சேலையைப் பார்த்தாள். சுவக்கினைப் பார்த்தாள். தரையில் கிடந்த றோஸின் வயிற்றைப் பார்த்தாள்.

"ஐயோ, சொல்லவே இல்லையே! தொட்டில் யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான்டி."

"உங்களுக்கா?" திரேசா யோசித்தாள். "சரி, அப்படின்னா குழவி வச்சீங்களா?"

"என்ன குழவி?"

"புதுத் தொட்டில் கட்டினா முதல்ல அம்மிக் குழவியைப் படுக்க வச்சு ஆட்டணுமில்ல? அதுக்கு அப்புறம்தானே புள்ளையைப் போடுறது? குழவி வைக்காம ஏறினா விழாம என்ன செய்யும்?"

மறுநாள் றோஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் முஹைதீனின் கடைக்குப் போனாள். கயிறு, கூடை, வலை எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

"மன்னார் மீன் வலை ஒண்ணு ஈக்கி தங்கச்சி," என்றார் முஹைதீன். "ஆனையைப் போட்டாலும் தாங்கும்." அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் ஆனையைத்தான் சொன்னேன்."

வலை கனமில்லை. சுருட்டினால் கக்கத்தில் அடங்கியது. றோஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இந்த முறை ஒரு குறையும் வரக்கூடாது என்று திரேசாவை முன்னால் நிற்க வைத்துக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, வலையில் படுக்க வைத்து மூன்று தரம் ஆட்டினார்கள். பிறகு அதை எடுக்க மறந்துவிட்டு றோஸ் ஏறினாள்.

வலை தாங்கியது. அவள் இறங்க இறங்க அதன் கண்கள் மட்டும் அகன்றுகொண்டே போயின. குழவி ஒரு கண் வழியாக நழுவி, கீழே காவலுக்கு நின்ற சுவக்கினின் வலது காலில் விழுந்தது.

"அம்மாடி!" என்று அவர் ஒற்றைக் காலில் குதித்தார்.

"என்னாங்க ஆச்சு?" எட்டிப் பார்க்க முயன்ற றோஸின் கையும் காலும் வெவ்வேறு கண்களில் வெளியே வந்துவிட்டன. இனி அவளால் இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை.

"கத்திரிக்கோலை எடுங்க!"

சுவக்கின் நொண்டிக்கொண்டு கத்திரிக்கோலோடு வந்தார். வந்தவர் வெட்டாமல் வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தப் பாக்கிறீங்க?"

"தையல் எங்கன்னு பாக்கிறேன். தையல் இருந்தா பிரிச்சுடலாம். நல்ல சாமானை வெட்ட மனசு வரல."

வலை வெட்டுப்பட்டது. மெஷின் மிதிக்கும் கால் அவருக்கு வீங்கிப்போயிற்று. றோஸ் அக்கா தொட்டிலில் ஏறினதும் அண்ணனுக்குக் கால் போய்விட்டது என்று திரேசா தண்ணீர்ப் பைப்படியில் சொல்லிவிட்டாள்.

செய்தி கேட்டு கபிரியேல் உபதேசியார் ஓடிவந்தார். நலம் விசாரிக்க வந்தார் என்று சுவக்கின் கதிரையை இழுத்துப் போட்டார். உபதேசியார் உட்காரவில்லை. அழகர் தோளிலிருந்த கித்தான் சுருளை இறக்கி வைத்தான்.

"வலையாவது சேலையாவது! லொறி மூடுற கித்தான் இது, நானே தர்றேன். ரெண்டு மடிப்பாத் தையுங்க. நீளம் ஏழு அடி வைங்க."

"நான் அஞ்சடிதானே உபதேசியார்?" என்றாள் றோஸ்.

நெடுநெடுவென்று நின்ற உபதேசியார் அவளைக் குனிந்து பார்த்தார். "காட்டு வழியில உடம்பு நீட்டிப் படுக்கத்தான் சொல்லும். பதினோரு தரம் போனவன் சொல்றேன். அப்புறம் ரெண்டு முனையிலயும் காது பெரிசா வைங்க."

"கயிறு நுழைஞ்சா போதுமே?"

"பெரிசா இருக்கட்டும். தலைமாட்டுல ஒரு தலையணைப் பையும் தைச்சுடுங்க."

தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று றோஸுக்குக் கண் கலங்கியது. சுவக்கினால் மெஷினை மிதிக்க முடியாததால், இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாக்கு ஊசியால் கையிலேயே தைத்தார்கள். விரல் நுனியெல்லாம் புண்ணாகிவிட்டது.

முற்றத்துப் பலா மரங்களில் அதைக் கட்டிய அன்று வரிசை வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது. திரேசா குழவியோடு வந்தாள். றோஸ் ஏறிப் படுத்தாள். மரம் முனகியது. தொட்டில் அசையவில்லை.

"ஒரு தரம் குதி," என்றார் உபதேசியார்.

"படுத்துக்கிட்டா?"

"எப்படியாவது குதி."

குதித்தாள். தாங்கியது. உபதேசியார் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அழகர் தொட்டில் காதுக்குள் கையைவிட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

இப்போது வேறு சங்கடம். சுருட்டிக் கட்டினால் அந்தத் தொட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பாரம் இருந்தது. அழகருக்கோ அரிசி மூட்டையே போதும். சுமந்து பழகாமல் முடியாது என்று றோஸ் விடியற்காலையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலம்வரை போய்த் திரும்பினாள். முதலில் ஒவ்வொரு மதகிலும் உட்கார்ந்தாள். பிறகு பாலத்தில் மட்டும் உட்கார்ந்தாள். கடைசியில் மாட்டு வண்டிகளை முந்தினாள். முஹைதீன் கடைப் பலகையைத் திறக்கும்போது, "தங்கச்சி, அந்த ஆனைப் பேச்சை மறந்துடுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

புறப்படுகிற காலையில் கோயில் வாசலில் நடைக்காரர்கள் கூடினார்கள். பேராதனை ரயில்வேயிலிருந்து புதிதாக நாலு தடியன்கள் வந்திருந்தார்கள். யானை வந்தாலும் துணைக்கு ஆள் இருக்கிறது என்று றோஸ் சந்தோஷப்பட்டாள். கால் வீக்கம் வற்றிய சுவக்கின் ரயிலில் வந்து மடுவில் காத்திருப்பதாகச் சொல்லி அவள் மூட்டையைச் சரிபார்த்தார். உபதேசியார் வெள்ளை வேட்டியும் புதுப் பிரம்புமாக எல்லோருக்கும் நடக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

றோஸ் தொட்டிலைக் கீழே இறக்கி வைத்தாள். தடியன்களில் இரண்டு பேர் அதைப் பிரித்தார்கள். மூன்றாவது ஆள் ஒரு நீண்ட மூங்கிலைக் கொண்டுவந்து தொட்டிலின் இரண்டு காதுக்குள்ளும் விட்டான். அளவெடுத்தது போலப் பொருந்தியது. நான்காவது ஆள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டான்.

தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளைக் கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கிப் போவதை றோஸ் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓஹோ, இதுக்குத்தானா எத்தனை றாத்தல்னு கேட்டீங்க? இதுக்குத்தானா கித்தான், காது, தலையணைப் பை?" அவள் இடுப்பில் கையை ஊன்றினாள். "நான் மாதாவுக்கு வாக்குக் குடுத்தவ. செத்தாலும் இதுல ஏற மாட்டேன். எவனாவது என்னைத் தூக்க வந்தா கையைக் கடிச்சுப்புடுவேன்!"

தடியன்கள் நாலு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். உபதேசியார் பிரம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அழகர் அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றியபடி சாதாரணமாகச் சொன்னான்:

"உங்களை யாரு அக்கா ஏறச் சொன்னா? வருசா வருசம் வழியில தம்புள்ளையிலேருந்து உபதேசியாரைத்தானே தூக்கிட்டுப் போறோம். போன வருசம் கம்பளி அறுந்து கீழே விழுந்துட்டாரு, அதான் உங்களையே தாங்கினா அவரையும் தாங்கும்னு பாத்தோம்."

கபிரியேல் உபதேசியார் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்தளை ரோட்டில் தன்னந்தனியாக முன்னால் நடந்தார்.