என்ன கூத்தோ

யேசுராஜ் ஓசூரில் ஒரு பேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அங்கே அவர் கண்ணை உருட்டினால் மெஷினே பயந்து ஓடும். வீட்டில் டீ கேட்டால், "கை இருக்கில்ல, போட்டுக்குங்க" என்பாள் மனைவி ஜெயசெல்வி. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு அடங்கி நடக்க வீட்டில் ஒரு ஜீவனாவது வேண்டாமா?

கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் தெரிந்தவர்கள் வளர்த்த நாயை ஜெயசெல்விதான் வாங்கி வந்தாள். பேர் புருனோ. சாயங்காலமானால் யேசுராஜ் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலில் நின்று, "சிட்" என்பார். நாய் அவரைப் பார்க்கும். பிறகு அவர் செருப்பைப் பார்க்கும். செருப்புதான் அதற்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவர் "சிட்" என்றதும் அடுப்படி ஜன்னலில் செல்வி என்னமோ முணுமுணுத்தாள். ‘கூத்தோ’ என்று காதில் விழுந்தது. நாய் உட்கார்ந்துவிட்டது.

என்ன கூத்தோ என்று நக்கல் பண்ணுகிறாள், பொறாமை பிடித்தவள். யேசுராஜுக்குச் சுருக்கென்றது. ஆனால் நாய் உட்கார்ந்ததே, அது போதும். அதன்பிறகு தினமும் இவர் சிட், அவள் கூத்தோ, நாய் தரையில்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு வெங்கடப்பனைச் சாட்சிக்கு வைத்துப் பந்தயம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை நாய் இவர் சொல்லி உட்கார்ந்தால் தினமும் டீ படுக்கைக்கே வர வேண்டும். உட்காராவிட்டால் இனி ஞாயிறு சமையல் இவருடையது. செல்வி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் கூடினார்கள்.

"சிட்."

நாய் வாலை ஆட்டியது.

"சிட்டு. சிட்டுப்பா. சிட்டுக்கண்ணு."

செருப்பைப் பார்த்தது. ஜன்னலில் சத்தமே இல்லை. யேசுராஜ் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"ஏன் செல்வி, இன்னைக்கு நீ நக்கல் பண்ணலையா?"

செல்வி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "கூத்கோ," என்றாள். நாய் பொத்தென்று உட்கார்ந்தது.

சிரித்த சிரிப்பில் வெங்கடப்பனுக்குப் புரையேறிவிட்டது. "சார், கன்னடத்துல உக்காருன்னா கூத்கோ. அத்திப்பள்ளி நாய்க்கு உங்க இங்கிலீஷ் எங்கே புரியும்?"

"கல்யாணமானதிலிருந்து கன்னடம் கத்துக்குங்கன்னு சொல்றேன். கேட்டீங்களா?" என்றாள் செல்வி.

அன்று மத்தியானம் யேசுராஜ் அடுப்படியில் முக்காலி போட்டுக் கண்ணீரும் வெங்காயமுமாக இருந்தார். கூடத்து டிவியில் கிரிக்கெட் சத்தம் கேட்டதும் மெல்ல எழுந்தார்.

"கூத்கோ," என்றாள் செல்வி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நாய் மொட்டை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தது யேசுராஜ்தான்.