சிகரமா, மகுடமா?

ஒரு காட்டில், நான்குவழிச் சாலை வந்து முட்டி நின்ற இடத்தில், கண்ணாடிக் கட்டடமாக ஒரு கார் ஷோரூம் இருந்தது. அங்கே விற்பனைப் பிரிவில் செங்கோடன் என்ற நரி வேலை பார்த்தான். வேலையில் சேர்ந்த அன்றே அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான்: என்ன ஆனாலும் வாடிக்கையாளரிடம் பொய் சொல்வதில்லை. பாடப்புத்தகங்களில் நரிகளைப் பற்றி எழுதியிருப்பதையெல்லாம் அவன் படித்திருந்தான். ஒரு நரியாவது அந்தக் கெட்ட பெயரைத் துடைக்க வேண்டாமா?

அந்த முடிவின் பலனாக, நாலு மாதமாக அவன் ஒரு வண்டிகூட விற்கவில்லை.

மேலாளர் மயில்வாகனம் ஒரு மயில். திங்கட்கிழமை காலை தோகையை விரித்துக்கொண்டு செங்கோடனின் மேஜைக்கு வந்தார்.

"மாசம் முடிய எத்தனை நாள் இருக்கு?"

"அஞ்சு நாள் சார்."

"அதுக்குள்ள ஒரு வண்டியாவது போகணும். இல்லேன்னா ஆறாவது நாள் நீ வர வேண்டாம்."

சொல்லி முடித்த பிறகும் தோகை விரிந்தே இருந்தது. மயில்வாகனம் கோபத்திலும் விரிப்பார், சந்தோஷத்திலும் விரிப்பார். எதற்கு விரித்தார் என்பதை ஊழியர்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று பதினொரு மணிக்கு ஒரு கரடித் தம்பதி உள்ளே வந்தார்கள். கணவர் உலகநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாம் வகுப்புக்கு முப்பது வருடம் நரிப் பாடம் நடத்தியவர். மனைவி கோமளவல்லி வலது முட்டியில் பட்டை போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். வாரம் இரண்டு தடவை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் முட்டிக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். கார் வாங்குவதென்று முடிவானதே அதற்காகத்தான்.

"சொகுசா இருக்கணும். ரொம்பப் பெரிசும் வேண்டாம், சின்னதும் வேண்டாம். நடுத்தர அளவுல எஸ்யூவி" என்றார் உலகநாதன்.

அந்த அளவில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சிகரம். நல்ல உயரம், கூரை முழுக்கக் கண்ணாடி, பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். இன்னொன்று மகுடம். சொகுசில் குறைவில்லை, ஆனால் தாழ்வான படி, அகலமான கதவு.

ஓட்டிப் பார்ப்பதற்கு நாலு பக்கப் படிவம் இருந்தது. பெயர், இனம், கால்களின் எண்ணிக்கை, அவற்றில் பிரேக் மிதிக்கக்கூடியவை எத்தனை, மரம் ஏறும் பழக்கம் உண்டா, உண்டெனில் நகத்தின் நீளம். உலகநாதன் படிவத்தில் இருந்த மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கோமளவல்லி முதலில் சிகரத்தில் ஏறப் பார்த்தார். கால் பாதி உயரம்வரை போனது. முட்டி மறுத்துவிட்டது. கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகுடத்தில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க, இது போதுங்க."

"அம்மா சொல்றதுதான் சரி சார். மகுடம்தான் உங்களுக்கு ஏத்தது" என்றான் செங்கோடன்.

உலகநாதன் அவனை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சிகரம்தானே விலை அதிகம்?"

"ஆமா சார்."

"விலை அதிகமானதை விட்டுட்டு ஒரு நரி விலை கம்மியானதை விக்குதுன்னா என்ன அர்த்தம்?"

"அது உங்களுக்கு நல்லதுன்னு அர்த்தம் சார்."

"அதுல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். செங்கோடன் மகுடத்தின் முன்மூடியைத் திறந்து காட்டினான், பரிசோதனைச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து அடுக்கினான். இத்தனை காகிதம் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று உலகநாதன் முடிவுக்கு வந்தார். புதன்கிழமை செங்கோடன், "அந்தக் கண்ணாடிக் கூரையை மூணு நாள் ஆசையா திறப்பீங்க சார். நாலாவது நாள் குரங்கு உள்ள இறங்கும்" என்றான். உலகநாதன் குரங்குகளைத் தனக்கு மாணவர்களாகத் தெரியும் என்றார். வியாழக்கிழமை செங்கோடனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "அம்மாவோட முட்டியைப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

"முட்டி சரியாகிடும். கார் பத்து வருஷம் இருக்கும்" என்றார் உலகநாதன்.

வெள்ளிக்கிழமை காலை டீ குடிக்கும்போது செங்கோடன் யோசித்தான். நான் எதைச் சொன்னாலும் இவர் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வார். சிகரம்தான் நல்லது என்று சொல்லிவிட்டால் மகுடத்தை வாங்கிவிடுவார். தன் வேலையைப் பொறுத்தவரை எது விற்றாலும் ஒன்றுதான். அந்த அம்மாவின் முட்டியைப் பொறுத்தவரை அப்படியில்லை. டீ ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் சொல்வதென்று தீர்மானித்தான்.

கரடிகள் வந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா யோசிச்சுட்டேன் சார். சிகரம்தான் சார் உங்களுக்கு. மகுடம் வேண்டவே வேண்டாம்."

உலகநாதனின் முகம் மெல்ல மலர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா கோமளா! அஞ்சு நாளா விடாம குடைஞ்சேன். கடைசியில உண்மை வெளிய வந்துடுச்சு."

"சார், இல்ல சார், இப்ப நான் சொன்னதுதான் பொய்."

"மறுபடியும் ஆரம்பிக்காதே" என்று சொல்லி, சிகரத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

வண்டியை ஒப்படைத்த நாளில் சிவப்புத் துணியை விலக்கினார்கள், மாலை போட்டார்கள், அட்டையில் செய்த பெரிய சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கோமளவல்லி பின்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். செங்கோடன் ஓடிப்போய்த் தான் உட்காரும் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தான். அவர் அதில் ஏறி, மூச்சு வாங்கி, பிறகு வண்டிக்குள் ஏறினார். உட்கார்ந்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம்னு எனக்குத் தெரியும்."

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேன். நரியோட சேர்ந்துக்கிட்டியான்னு கேட்டார்."

அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் கோமளவல்லி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் வைத்தியரான கொக்கு வெளியே வந்து, கண்ணாடிக் கூரை வழியாகக் கழுத்தை விட்டு முட்டியைப் பார்த்தார். மகுடத்தில் இந்த வசதி கிடையாது என்று உலகநாதன் தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு காட்டெருமைகளும் ஒரு சிறுத்தையும் வந்து சிகரம் கேட்டார்கள். செங்கோடன் அவர்களிடமும் வேண்டாம் என்று நாலு நாள் மன்றாடினான். ஐந்தாம் நாள், வேறு வழி தெரியாமல், நல்லது என்றான். மூவரும் வாங்கினார்கள்.

மயில்வாகனம் அவனை அழைத்தார். தோகை விரிந்திருந்தது. இந்தத் தடவை சந்தோஷம்தான்.

"எப்படிப்பா விக்கிற?"

செங்கோடன் நடந்ததை அப்படியே சொன்னான். அவருக்கு முன்னால் அழக்கூடச் செய்தான். மயில்வாகனம் குறிப்பெடுத்துக்கொண்டார். நாலு நாள் உண்மை, ஐந்தாம் நாள் பொய் என்று எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை போனது. செங்கோடனைப் பயிற்சியாளராக்கினார்கள்.

ஆனால் மற்றவர்கள் அதையே செய்தும் வண்டி நகரவில்லை. மயில்வாகனம் காரணம் கேட்டார்.

"அவங்களுக்கு வாங்க வர்றவங்க மேல அக்கறை இல்ல சார்" என்றான் செங்கோடன். அது உண்மை.

அடுத்த வாரத்திலிருந்து, புதன்கிழமைதோறும் காலை பத்து முதல் பதினொன்றுவரை, ஊழியர்கள் அனைவருக்கும் அக்கறை வகுப்பு நடக்கிறது. வருகைப்பதிவு உண்டு.

நீதி: பிறர் நலனில் மனமார அக்கறை கொள்ளுங்கள். விலை உயர்ந்த வண்டி அப்போதுதான் விற்கும்.