எக்கோ எடுத்த வகையில் எனக்கு நேர்ந்த அநியாயம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும்.

என் இதயத்தைப் பற்றி என்னைக் கேட்காமலே ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். அநியாயம் இதுதான். செய்தவன் என் மகன், உன் அருமை மருமகன்.

திங்கட்கிழமை எக்கோ எடுக்கக் கூட்டிப்போனான். சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். அடுத்து டாக்டர் அறை. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பாவுக்கா? லிப்ட் இருந்தும் நாலு மாடி நடந்துதான் ஏறுவாரு டாக்டர்" என்கிறான். நெஞ்சு வலி? "ஒண்ணுமில்ல." தலைசுற்றல்? "ஒண்ணுமில்ல." டாக்டர் சொன்னார், "வால்வு சுருங்கியிருக்கு. மூச்சு வாங்கினா இப்பவே ஆபரேஷன். தொந்தரவு இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்." இவன், "அப்ப ஆறு மாசம் கழிச்சே வர்றோம்" என்றான். நானும் எழுந்து, "கழிச்சே வர்றோம்" என்றேன். அவ்வளவுதான் என் பங்கு.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். முப்பத்தெட்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன், பேர் தெரியாமல் எதையும் கழற்றியதில்லை. எக்கோ என்பவள் கிரேக்கக் கதையில் வரும் வனதேவதையாம். தேவராணி தன் கணவனின் களவுக் காதலைப் பிடிக்க வரும்போதெல்லாம் இவள் வழிமறித்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். ராணி சபித்துவிட்டாள்: அடுத்தவர் பேச்சின் கடைசி வார்த்தைதான் இனி உன் வாயில் வரும் என்று. பிறகு காதலில் தோற்று, உடம்பு கரைந்து, எலும்பு கல்லாகி, குரல் மட்டும் மிஞ்சியது. அந்தப் பேர்தான் எதிரொலிக்கு வந்தது. நெஞ்சுக்குள் ஒலியை அனுப்பி, திரும்புவதை வைத்துப் படம் போடும் இந்தச் சோதனைக்கும் வந்தது. அவளாவது வாயாடி. நான் யாரிடம் என்ன பேசினேன்? சிரிக்காதே.

அகராதியை அவன் முன்னால் வைத்து, "படிடா, என்னை இவளா ஆக்கிட்டே" என்றேன். படித்துவிட்டுச் சொல்கிறான், "அது நீங்க இல்லப்பா, நான்தான். எப்பக் கேட்டாலும் ஒண்ணுமில்லங்கறீங்க. அதைத்தானே நான் அங்க சொன்னேன்."

பெற்ற பிள்ளையிடம் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கொண்டுபோய் டாக்டரிடம் ஒப்பிப்பதா?

உனக்கு மட்டும் எழுதுகிறேன். நான் லிப்டில் ஏறாததற்குக் காரணம் என் உடம்பின் பலம் அல்ல. லிப்டின் கம்பிக்கயிற்றைப் பார்க்கும் ஆள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. தினமும் இரண்டாம் மாடியில் நின்று லிப்ட் கதவில் காதை வைக்கிறேன். கிழவர் கயிற்றின் சத்தத்தைக் கவனிக்கிறார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது.

ஆகவே, நீ அவனுக்குப் போன் செய். நான் எழுதியதைச் சொல்லாதே. கெட்ட கனவு கண்டதாகச் சொல். அவன் வியாழக்கிழமைக்கு மறுபடி டோக்கன் போட வேண்டும். போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதிலை நான் சொல்லிக்கொள்வேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: போன் வேண்டாம், நேரில் வா. அறைக்குள் என் பக்கத்திலேயே உட்கார். டாக்டர் கேட்டு நான் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவர் படித்ததும் வெளியே பெஞ்சில் இருப்பவனிடமும் கொடு.