முட்டை அட்டையும் மூணு வேலையும்

இனிமே ஞாயித்துக்கிழமை என்னை யாரும் அசைக்க முடியாதுன்னு புதன்கிழமை ஒரு முடிவு எடுத்தேன். இப்போ பரண்மேல ஒரு கையில துடைப்பம், ஒரு கையில போனோட உட்கார்ந்து இதை டைப் பண்றேன். நடுவுல நடந்ததுதான் கதை.

என் மனைவிக்கு ஒரு வியாதி. பேரு "அப்படியே இன்னொண்ணு". குப்பையைக் கொட்டப் போனா, "அப்படியே இன்னொண்ணு, பல்பு மாத்திடுங்க." பல்பை மாத்தி இறங்கறதுக்குள்ள, "ஏணி போட்டதுதான் போட்டீங்க..." இன்னிக்குச் சாயந்தரம் எனக்கு ஷட்டில் ஃபைனல். டபுள்ஸ். பார்ட்னர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். இதுல ஒரு இன்னொண்ணு வந்தா என் கதி என்ன?

அவளும் ஆடறேன்னு கேட்டா. "டபுள்ஸ்னா ரெண்டு பேர்தாம்மா, மூணாவது ஆளைச் சேர்க்க முடியாது"ன்னு அன்பா சொல்லிட்டேன்.

நான் ஜாவாங்கற கம்ப்யூட்டர் பாஷையில கோட் எழுதறவன். வீட்டு வேலைக்குன்னு எங்க ரெண்டு பேர் போன்லயும் ஒரு ஆப் போட்டு வச்சிருக்கேன். முதல்ல காலி லிஸ்ட் ஒண்ணு பண்ணி, ஒரு வேலைக்கு ஒரு வரின்னு சேர்த்திருந்தேன். வாய் திறந்த சாக்கு அது. அவ பாட்டுக்கு உள்ள தள்ளிட்டே இருந்தா. புதன்கிழமை அதை அழிச்சிட்டு ஒரே வரியில எழுதினேன்:

Arrays.asList("குப்பை", "பல்பு", "செடிக்குத் தண்ணி");

என்ன அழகு பாருங்க. பண்றதும் நிரப்பறதும் ஒரே மூச்சுல. அதைவிட அழகு, நாலாவதா ஒண்ணைச் சேர்க்கப் போனா எரர் அடிக்கும். முட்டை அட்டை மாதிரி. குழி எத்தனையோ, முட்டை அத்தனைதான்.

அவ இன்னொரு கம்பெனியில டெஸ்டர். என்னை மாதிரி ஆளுங்க கட்டறதை உடைக்கறதுக்குச் சம்பளம் வாங்கற இனம். அவகிட்டயே போனை நீட்டினேன்.

"சேர்த்துப் பாரு."

அமுக்கினா. சிவப்பா எரர்.

"சேரலையே."

"சேராது. லிஸ்ட்ல இருக்கறதை வாயைத் திறக்காம செய்வேன். இல்லாததைக் கேக்கக் கூடாது."

"லிஸ்ட்ல என்ன இருந்தாலும் செய்வீங்களா?"

"சத்தியமா."

"டாக்டர் முன்னாடி சொல்லுங்க."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அவர் முன்னாடியும் சத்தியம் பண்ணேன். "வாய் சம்பந்தப்பட்ட விஷயம்னா நானே சாட்சி"ன்னார் டாக்டர்.

இன்னிக்குக் காலையில போனைப் பார்த்தேன். பரணைக் காலி பண்ணணும். எல்லா ஃபேனையும் துடைக்கணும். எல்லா ஜன்னலையும் கழுவணும்.

"என்னம்மா இது? சேர்க்கவே முடியாதே."

"யாரு சேர்த்தா? எண்ணிப் பாருங்க. மூணு."

"என் பல்பு எங்க?"

"மாத்திட்டேன். குழியைத்தான் கூட்ட முடியாது, முட்டையை மாத்தலாமே. நீங்க எழுதின வரி புதுசா சேர்க்க விடாது, இருக்கறதை எடுத்துட்டு வேற வைக்க விடும். அதுக்குப் பதிலா List.ofனு எழுதியிருந்தா மாத்தவும் முடியாது. அதுவும் ஒரே வரிதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"டெஸ்டிங் முடியாம நாங்க ரிப்போர்ட் குடுக்க மாட்டோம்."

சத்தியம் பண்ணவன், என்ன செய்ய? ஃபேன் முடிச்சேன். ஜன்னல் முடிச்சேன். பரண்ல பாதி வந்தப்போ கீழ காலிங் பெல். டாக்டர் குரல்.

"கிளம்பலாமா?"

"ஒரு அரை மணி நேரம் டாக்டர், இதோ இறங்கறேன்"னு மேல இருந்து கத்தினேன்.

"நீங்க மெதுவா இறங்குங்க சார்."

எட்டிப் பார்த்தா, இவ ஷூ கயிறு கட்டிட்டு இருக்கா. தோள்ல என் பேட்.

"டபுள்ஸ்ல மூணாவது ஆளைச் சேர்க்க முடியாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சேர்க்கலைங்க"ன்னா, கதவைச் சாத்திக்கிட்டே. "மாத்திட்டோம்."